இலைத்தூள் வரிசையில் இறந்த கோழிகள்

1

இந்த மாதத்தோடு நான் நெதர்லாந்துக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் முடிகின்றன. நான் கணக்கு வைத்திருக்கவில்லை, நகராட்சி வைத்திருக்கிறது. வசிப்பிட அட்டையைப் புதுப்பிக்க நாளும் நேரமும் குறித்து, எனக்கு ஒதுக்கிய பத்து நிமிடத்தையும் குறிப்பிட்டு, கடிதம் வந்திருந்தது. பழைய அட்டையில் உள்ள முகத்துக்கும் இப்போதைய முகத்துக்கும் வேறுபாடு அதிகம் இருந்தால் கூடுதல் ஆவணம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எவ்வளவு இருந்தால் அதிகம் என்று எழுதவில்லை.

அதே காலையில் தங்கை சுமதியின் மின்னஞ்சலும் வந்தது.

சுமதி திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறாள். வயது நாற்பத்தொன்று. முனைவர் பட்டம் இல்லாவிட்டால் அடுத்த கல்வியாண்டில் பணி நீட்டிப்பு இல்லை என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்துவிட்டது. ஏழு ஆண்டுகளாக எழுதிய ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்தாள். இப்போது வெளித் தேர்வாளர் ஒருவரின் அறிக்கை வந்திருக்கிறது. பட்டத்துக்குத் தடையில்லை, ஒரே ஒரு கேள்விக்கு விளக்கம் தேவை என்று இருந்தது.

முட்டைக் கோழிகளின் தீவனத்தில் முருங்கை இலைத்தூள் கலந்தால் என்ன ஆகும் என்பது அவள் ஆய்வு. இலைத்தூள் தின்ற கோழிகளில் இறப்பு கூடுதல் என்பது முடிவு. தேர்வாளர் கேட்டிருந்தது இது: ‘முருங்கை இலைக்கு இது எதிர்பாராத விளைவு. எந்தக் கோழி எந்தக் கூண்டில் என்று முடிவு செய்தது யார்? எப்படி? பரிசோதனைக் காலத்தில் கோழிகள் இடம் மாறினவா?’

கீழே சுமதி தமிழில் எழுதியிருந்தாள். ‘டெஸ்ட் நீங்க சொன்னதுதாங்கண்ணா. இதுக்கு ஒரு நாலு வரி இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க. பதினஞ்சு நாள் டைம்.’

2

சேலத்தில் ஒரு நாளிதழில் ஒன்பது ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தேன். புள்ளியியலில் முதுகலை படித்தவன் என்பதால் எண் உள்ள செய்திகளெல்லாம் என் மேசைக்கு வரும். அணையின் நீர்மட்டம், முட்டை விலை, செவ்வாய்ப்பேட்டை மளிகை மொத்த விலை, தேர்தல் முடிவுகள். மனைவிக்கு இங்கே செவிலியர் வேலை கிடைத்தபோது கூடவே வந்தேன். மூன்று ஆண்டுகள் மொழி வகுப்பும் கிடங்கு வேலையுமாகப் போயின. பிறகு ஒரு வேளாண் ஆய்வு நிறுவனத்தில் இந்த வேலை கிடைத்தது. செவ்வாயும் வியாழனும் உயிரியல் மாணவர்கள் தரவோடு வருவார்கள். எந்தப் புள்ளியியல் சோதனையைப் பயன்படுத்துவது என்று கேட்பார்கள். பெரும்பாலோர் முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். என் ஒப்புதல் மட்டும் வேண்டும்.

நான் சோதனையின் பெயரைச் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்பேன். அளந்தீர்களா, எண்ணினீர்களா? எடை, நீளம் என்றால் ஒரு வழி. செத்தது, பிழைத்தது என்று எண்ணினால் வேறு வழி. அடுத்தது, உங்கள் கணக்கில் ‘ஒன்று’ என்பது எது? ஒரே செடியில் நாற்பது இலை பறித்தால் அது நாற்பது அல்ல, ஒரு செடி. கடைசியாக, எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார், நடுவில் யாராவது கை வைத்தார்களா?

மூன்றாவது கேள்வியில்தான் முகம் மாறும். போன மாதம் ஒரு பெண் தக்காளித் தொட்டிகளின் தரவோடு வந்தாள். கேட்டபோது யோசித்தாள். கண்ணாடிக் குடிலைச் சுத்தம் செய்பவர் வாடிய தொட்டிகளை எல்லாம் ஜன்னலோரம் நகர்த்தி வைத்தது நினைவுக்கு வந்தது. ஐந்து மாத வேலை. என் மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று இருக்கிறது. அலுவலகச் செலவில் வருகிறது. அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு தவறு செய்தேன். இங்கே ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. ஒரு கோழியின் எடை 1.250 கிராம் என்று எழுதியிருந்தது. ஒன்றேகால் கிராமில் கோழி இருக்காது என்று எனக்குத் தெரியும். கை அப்படியே உள்ளிட்டது. இப்போது இங்கே சரியாக எழுதுகிறேன். ஊருக்கு எழுதும்போதுதான் தவறுகிறேன்.

3

சுமதி என்னிடம் சோதனை கேட்டது ஒன்றரை ஆண்டுக்கு முன்பு. நான் ரயில் நடைமேடையில் நின்றிருந்தேன். வண்டி வர பதினோரு நிமிடம் இருந்தது.

“அண்ணா, ரண்டு வரிசை. ஒவ்வொண்ணுலயும் முப்பது கேஜு, கேஜுக்கு நாலு கோழி. ஒரு வரிசைக்கு எலைத்தூள், இன்னொண்ணுக்கு வெறும் தீவனம். பன்னண்டு வாரம். எலை வரிசையில பதினொண்ணு செத்துப்போச்சு, அந்தப்பக்கட்டு ரண்டு. எந்த டெஸ்ட்டுங்க போடறது?”

கை-வர்க்கச் சோதனை, அதாவது கைஸ்கொயர், என்றேன். செத்தது, பிழைத்தது, இலை உண்டு, இலை இல்லை, நான்கே கட்டம். எண்ணிக்கை சிறிதாக இருப்பதால் அதற்கென உள்ள திருத்தத்தையும் சொன்னேன். வண்டி வருவதற்குள் அவள் கணினியில் போட்டு, விடையைப் படித்தாள். இந்த வேறுபாடு தற்செயலாக நேரும் வாய்ப்பு வழக்கமான எல்லைக்குக் கீழே இருந்தது.

“அப்ப வித்தியாசம் இருக்குதுங்களா?”

“இருக்குது.”

முதல் கேள்விக்கு நான் கேட்காமலே பதில் சொல்லிவிட்டாள். இரண்டாவதை நான் கேட்கவில்லை. ஒரே கூண்டில் நிற்கும் நான்கு கோழிகள் ஒரே தீவனத்தையும் ஒரே நோயையும் பகிர்ந்துகொள்கின்றன; எண்ண வேண்டியது கூண்டை. மூன்றாவதையும் கேட்கவில்லை, அந்தக் கொட்டகை எனக்குத் தெரியும் என்பதால். மல்லசமுத்திரத்துக்கு வெளியே எங்கள் நிலத்தில், நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அப்பா போட்டது. அப்பா இப்போது இல்லை; அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். கிழக்கு மேற்காக நீளும் இரண்டு வரிசை, நடுவில் நடைபாதை, மேற்குக் கோடியில் தண்ணீர்த் தொட்டி. கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன் என்று நினைத்திருந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நல்லது என்று எல்லோரும் நம்பும் இலை கொல்கிறது என்றால் அது தலைப்பு. ஒன்பது ஆண்டுப் பழக்கம் போகவில்லை.

4

சனிக்கிழமை காலை அம்மாவைக் காணொளியில் அழைத்தேன். அங்கே நண்பகல் நெருங்கியிருந்தது.

“என்ன சாமி, இந்நேரத்துல? அங்க விடிஞ்சிருச்சா?”

“விடிஞ்சிருச்சும்மா. ஷெட்டுலயா இருக்கற? சுமதி பரிசோதனை பண்ணுன வரிசையைக் கொஞ்சம் காட்டு.”

“அதென்னத்தப் பாக்கறது. கோழிதான் நிக்குது.”

ஆனாலும் காட்டினார். முதலில் கூரை, பிறகு அவர் கட்டைவிரல், பிறகு கோழிகள். ஒரு வரிசையின் தீவனத் தொட்டி பச்சை பாரித்திருந்தது. பரிசோதனை முடிந்த பிறகும் அந்த வரிசைக்கு இலைத்தூள் கலந்துதான் போடுகிறாராம். கொல்லையில் முருங்கை நிற்கிறது, வீணாகத்தானே போகிறது என்றார். நடந்துகொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

“இரு சாமி, இதைய மாத்திட்டு வாரேன்.”

கைப்பேசியை எங்கோ வைத்தார். தகரக் கூரையும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன. கூண்டுக் கதவின் கம்பி இரண்டு முறை திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“என்னத்தம்மா மாத்துன?”

“ஒரு கோழி தலயத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுச்சு. எலை போடற வரிசைக்கு மாத்திப்புட்டேன். அங்க உட்டா ரண்டு மூணு நாள்ல தெளிஞ்சுக்கும்.”

“அங்க ஏற்கெனவே நாலு இருக்குமே.”

“நல்லதா ஒண்ண எடுத்து இதோட எடத்துல உட்டுருவேன். கேஜுக்கு நாலு இருக்கோணுமுன்னு சுமதி சொல்லீருக்குதல்ல? எண்ணிக்கை தப்பாது.”

“பரிசோதனை நடந்தப்பவும் இப்படித்தான் மாத்துனயா?”

“பின்ன? நல்ல தீனி அந்தப்பக்கட்டு இருக்குது, சீக்குக் கோழி இந்தப்பக்கட்டு நிக்குது. பாத்துக்கிட்டே சும்மா போறதா? சுமதி வாரத்துக்கு ஒருக்கா பஸ்ஸேறி வந்து நோட்டைப் பாத்துட்டுப் போயிரும். அன்னாடம் இதுங்க மூஞ்சியப் பாக்கறவ நானு.”

“எத்தனை மாத்தியிருப்பே?”

“அத யாரு எண்ணுனா. முட்டைய எழுதச் சொன்னா, எழுதுனேன். செத்தத எழுதச் சொன்னா, எழுதுனேன். மாத்துனதையும் எழுதுன்னு சொல்லியிருந்தா அதையும் எழுதீருப்பனே சாமி. ஏன், தப்பாயிருச்சா?”

“இல்லம்மா. சும்மாதான் கேட்டேன்.”

“மாத்துனதுல பாதிக்கு மேல பொழச்சுக்கிச்சு. சுமதிகிட்டச் சொல்லு, அது நெம்ப நல்ல எலையின்னு.”

அழைப்பு முடிந்ததும் அம்மாவின் நோட்டுப் பக்கங்களின் படங்களைத் திறந்தேன். சுமதி அப்போதே அனுப்பியிருந்தாள். எண்பத்து நான்கு நாட்கள். ஒரு நாள்கூட விடுபடவில்லை, ஓர் அடித்தல் இல்லை. ஒவ்வோர் எண்ணும் உண்மை. பன்னிரண்டு வாரமும் சாகக்கூடிய கோழிகள் இலைத்தூள் வரிசைக்குப் போயிருக்கின்றன. திடமான கோழிகள் எதிர் வரிசைக்கு வந்திருக்கின்றன. இலைத்தூள் வரிசையில் பதினொன்று இறந்ததைத்தான் நான் இலையின் பெயரில் எழுதினேன். இலை சிலவற்றைக் காப்பாற்றியும் இருக்கலாம். அதை இனி யாரும் சொல்ல முடியாது.

5

திங்கட்கிழமை சுமதி திருச்செங்கோடு பேருந்து நிலையத்தில் நின்றபடி பேசினாள். ஈரோடு வண்டிக்கு ஆள் கூப்பிடும் குரல் நடுநடுவே வந்தது. நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டாள்.

“அம்மாவா?”

“அம்மாதான்.”

“வேற டெஸ்ட் ஏதாச்சும் இருக்குதுங்களா? கேஜு வாரியாப் பண்றது, அந்த மாதிரி?”

“கேஜு வாரியா முதல்லயே பண்ணியிருக்கோணும். அது என் தப்பு. ஆனா எந்தக் கோழி எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாம எந்த டெஸ்ட்டும் ஒண்ணும் சொல்லாது.”

“சார்கிட்டக் கேட்டேன்.” சார் என்றால் அவளுடைய நெறியாளர். “குலுக்கல் முறையில ஒதுக்குனோமுன்னு ஒரு வரி போடு, முடிஞ்சு போகுமுங்கறாரு. அது பொய்யில்லீங்கண்ணா. மொத நாளு சீட்டுப் போட்டுத்தான் உட்டேன்.”

“மொத நாளுக்கு உண்மை.”

“மீதி எண்பத்தி மூணு நாளு?”

ஈரோடு வண்டி கிளம்பும் சத்தம் அடங்கியதும் அவளே தொடர்ந்தாள்.

“அங்க ஊரான் புள்ளைங்களுக்கெல்லாம் மூணு கேள்வி கேப்பீங்களாமா. எங்கிட்ட ஏனுங்கண்ணா ஒண்ணுகூடக் கேக்கல?”

“எனக்குத் தெரிஞ்ச ஷெட்டுன்னு நெனச்சுட்டேன்.”

“உங்களுக்குத் தெரிஞ்ச ஷெட்டை இடிச்சுப்போட்டுப் புதுசு போட்டு ஆறு வருசமாச்சுங். இப்ப வடக்கு தெக்கா நிக்குது. போட்டோ அனுப்புனனே, பாக்கலீங்களா?”

பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று பதிலும் போட்டிருந்தேன். சனிக்கிழமை அம்மா கைப்பேசியோடு நடந்தபோதுகூட நான் வடக்கு வரிசை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று பிற்பகல் நகராட்சிக்குப் போனேன். அலுவலர் பழைய அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்து வாங்கினார். நான்கு நிமிடத்தில் முடிந்தது. மீதி ஆறு நிமிடத்துக்கு அங்கே உட்கார இடமில்லை.

வீட்டுக்கு வந்து தேர்வாளருக்குச் சுமதியின் பெயரில் இரண்டு பதில்கள் எழுதினேன். ஒன்றில் ஒரே வரி: கோழிகள் குலுக்கல் முறையில் கூண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டன. இரண்டாவது அரைப் பக்கம்: பண்ணையைப் பராமரித்த என் தாயார் நோயுற்ற கோழிகளை இலைத்தூள் வரிசைக்கு மாற்றிவந்தார், மாற்றியவற்றின் எண்ணிக்கை பதிவாகவில்லை, எனவே இறப்பு குறித்த இயலைத் திரும்பப் பெற்று, பரிசோதனையை மீண்டும் செய்ய அனுமதி வேண்டுகிறேன். இரண்டையும் சுமதிக்கு அனுப்பினேன். எதை அனுப்பு என்று நான் சொல்லவில்லை. மாணவர்களிடம் சொல்லியிருப்பேன்.

ஐந்தாம் நாள் அழைத்தாள்.

“ரண்டாவதையே அனுப்பிட்டேன். மொதலாவதை அனுப்புனா, எலை கோழியைக் கொல்லுதுன்னு என் பேரு போட்டு ஒரு புஸ்தகம் லைப்ரரியில இருக்கும். நாளைக்கு எவனாச்சும் படிச்சுப்போட்டு நெசமுன்னு நம்புவான்.”

“காலேஜுல?”

“நீட்டிப்பு இல்லீங். மணிக்கணக்குல கிளாஸ் எடுக்கறதுன்னா வரலாமாமா. பட்டம் வந்தா அப்பறம் பாக்கலாமுன்னுட்டாங்க. அம்மாகிட்டச் சொல்லிட்டேனுங்கண்ணா.”

“என்ன சொன்னே?”

“உள்ளதைத்தான். நான் கெடுத்துப்புட்டனான்னு கேட்டுது. ஆமாமுன்னேன். வேற என்னத்தைச் சொல்றது?”

6

பல்கலைக்கழகம் ஆறு மாதம் கொடுத்தது. அந்த ஆணை வர ஏழு வாரம் ஆனது. ஆறு மாதம் என்பது கடிதத்தின் தேதியிலிருந்து, கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல.

இந்த முறை பரிசோதனையை நான் வடிவமைத்தேன். வரிசைக்கு ஒரு தீவனம் என்பது இல்லை. அறுபது கூண்டுகளில் எந்த முப்பதுக்கு இலைத்தூள் என்பதைக் கணினி தீர்மானிக்கும். ஒவ்வொரு கோழியின் காலிலும் எண் வளையம். நோயுற்றாலும் இடம் மாறக் கூடாது. சோதனை கூண்டு வாரியாக, அதுவும் எதுவென்று முன்பே எழுதி நெறியாளரிடம் கொடுத்தாயிற்று.

கூண்டு எண்களைக் குலுக்கிக் கொடுத்தது என் மகள் நிலா. பதினாறு வயது. இரண்டு நிமிடத்தில் ஒரு சிறு நிரல் எழுதி முடித்தாள். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். “இது ஸ்கூல்லயே சொல்லிக் குடுப்பாங்களே” என்பதை டச்சில் சொன்னாள். என் அம்மாவை அவள் நேரில் பார்த்தது இரண்டு முறை. “ஆத்தா பாவம்” என்றும் சொன்னாள், அதைத் தமிழில். பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

இலைத்தூள் கலந்த தீவனம் பச்சையாக இருக்கும், பார்த்தவருக்குத் தெரிந்துவிடும். அதனால் கணக்குப் போடும் எனக்குத் தெரியக் கூடாது என்று ஏற்பாடு. நிலா தயாரித்த பட்டியல் நேராக சுமதிக்குப் போனது. எனக்கு வருவது கூண்டு எண்ணும் நாளும் எண்ணிக்கையும் மட்டும். எந்தக் கூண்டுக்கு எந்தத் தீவனம் என்பது பன்னிரண்டு வாரம் கழித்து, எல்லா எண்ணும் உள்ளே ஏறிய பிறகுதான் தெரியும்.

அம்மா கொட்டகைக்குள் போகக் கூடாது என்பதும் ஏற்பாட்டில் உண்டு. அதை நான் எழுதவில்லை, சுமதி சேர்த்தாள். கல்லூரி வேலை இல்லாததால் அவளே மல்லசமுத்திரத்தில் வந்து தங்கி, வேலையாளை வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அம்மா சாவியை ஆணியிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தாராம். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே நூறு அடி இருந்தால் அதிகம்.

முதல் வாரம் அம்மாவை அழைத்தபோது சமையல், மழை, பக்கத்துத் தோட்டத்துக்குப் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி வந்து தண்ணீர் இல்லாமல் திரும்பியது, இவற்றை மட்டும் பேசினார்.

ஒன்பதாம் நாள் அவராக அழைத்தார். நான் அலுவலகத்தில் இருந்தேன். வாசலில் ஒரு மாணவன் காத்திருந்தான்.

“ஒண்ணு செத்துப்போச்சாட்ட இருக்குது சாமி. காத்தால ஆளு சாக்குல எடுத்துக்கிட்டுப் போறதப் பாத்தேன்.”

“சுமதி அனுப்பியிருப்பா. நான் இன்னும் பாக்கல.”

“நேத்துப் பொழுதோட சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தேன். சீக்குக் கோழி இருந்தா எனக்கு ஊட்டுல இருந்தே தெரியும். போயி மாத்தியிருந்தா ஒருவேள… நான் மாத்தல. வாசப்படி எறங்கல.”

“சரிம்மா.”

“எலை திங்கறதா, திங்காததா?”

“தெரியாதும்மா.”

“சுமதி உங்கிட்டச் சொல்லுமல்ல?”

“சொல்லாது. எனக்குத் தெரியக் கூடாதுன்னு வெச்சிருக்குது.”

“உனக்குமா?”

“எனக்கும்தான்.”

வேலையாள் தீவன வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் அவர் பக்கத்திலிருந்து கேட்டது.

“அத்தன தூரத்துல இருந்துக்கிட்டு நீ எப்படித்தான் இருக்கறயோன்னு நெனப்பேன் சாமி” என்றார். “சத்தத்தைக் கேட்டுக்கிட்டு, போகாம, இப்படித்தான் இருக்கோணுமாட்ட இருக்குது.”

அழைப்பு முடிந்ததும் சுமதியின் செய்தியைத் திறந்தேன். கூண்டு நாற்பத்தொன்று, ஒன்பதாம் நாள் என்று இருந்தது. அந்தக் கட்டத்தில் 1 என்று போட்டேன். பிறகு வாசலில் நின்ற மாணவனை உள்ளே கூப்பிட்டேன்.